ஐம்பது அடி மனையில் அறுபது அடி பார்க்கிங்

லாஸ் ஏஞ்சலஸின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் 50 அடி அகலமும் 150 அடி நீளமும் கொண்ட மனைகள் சாதாரணம். அப்படி ஒரு மனையில் 20 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் எழுப்ப ஒருவர் முனைகிறார் என்றும், வீட்டுக்கு ஒன்றரை கார் நிறுத்துமிடம் வேண்டும் என்று நகர விதி கேட்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அவர் 30 கார்களுக்கு இடம் காட்டியாக வேண்டும்.

ஒரு கார் நிற்க ஏறத்தாழ 9 அடி அகலமும் 18 அடி நீளமும் தேவை. எதிரெதிரே இரண்டு வரிசைகளாக நிறுத்தினால், பின்னால் எடுத்துத் திருப்புவதற்கு நடுவே 24 அடி வழி விட வேண்டும்; மூன்றையும் கூட்டினால் 60 அடி. மனையின் அகலமோ 50 அடி. ஆகவே ஒற்றை வரிசைதான் சாத்தியம்: அதற்கு 42 அடி போக, மிஞ்சும் 8 அடியில் சுவரும் தூண்களும் அடங்க வேண்டும். தரைத்தளம் முழுவதையும் காருக்கே கொடுத்தாலும் 16 கார்களுக்கு மேல் நிற்காது. மீதி 14 கார்களுக்காக நிலத்தடித் தளம் தோண்டினால், 10 அடி ஆழத்திற்கு 15 விழுக்காட்டுச் சரிவில் இறங்கும் ராம்ப் மட்டுமே ஏறத்தாழ 67 அடி நீளம் பிடிக்கும். மனையின் நீளத்தில் பாதியை நெருங்கும் அந்தச் சரிவு, மேலே கிடைத்த 16 இடங்களிலும் சிலவற்றை விழுங்கிவிடும். மண் சரியாமல் தாங்கும் சுவர், நீரை இறைத்து வெளியேற்றும் ஏற்பாடு, காற்றோட்டக் குழாய்கள் என நிலத்தடித் தளத்தின் செலவு, ஓர் இடத்திற்குப் பல்லாயிரம் டாலர் என்ற அளவுக்குப் போகும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் வீடுகளின் எண்ணிக்கையை 20-இலிருந்து 10-ஆகக் குறைப்பதே லாபம் என்று தோன்றும். பத்து வீடுகளுக்கு 15 கார்கள். அவை தரைத்தளத்திலேயே அடங்கிவிடும். ஆனால் நிலத்தின் விலை இப்போது இருபது குடும்பங்களுக்குப் பதிலாகப் பத்துக் குடும்பங்களின் தலையில் பிரிகிறது.

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 1961-இல் வீட்டுக்கு ஒரு நிறுத்துமிடம் என்ற விதியைக் கொண்டுவந்தபோது இதுதான் நடந்தது. விதிக்கு முன்னும் பின்னும் எழுந்த கட்டடங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒரு வீட்டுக்கான கட்டுமானச் செலவு 18 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஓர் ஏக்கரில் கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை 30 விழுக்காடு குறைந்திருந்தது.

சரி, வீட்டுக்கு ஒன்று, ஒன்றரை என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் 1923-இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இத்தகைய விதியை முதலில் வகுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது நாடெங்கும் பரவியது. பிற்காலத்தில் நகரங்கள் பலவும் போக்குவரத்துப் பொறியாளர் சங்கம் தொகுத்த கையேட்டை ஆதாரமாகக் கொண்டன. அதன் 1987-ஆம் ஆண்டுப் பதிப்பு, துரித உணவகங்களுக்கு 1,000 சதுர அடிக்கு 9.95 நிறுத்துமிடங்கள் என்று இரண்டு தசம இடம் வரை துல்லியமாகச் சொன்னது. அந்த எண்ணுக்கு அடிப்படையான 18 உணவகங்களின் தரவை ஆராய்ந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், உணவகத்தின் பரப்பளவுக்கும் அங்கே நின்ற கார்களின் எண்ணிக்கைக்கும் ஏறத்தாழத் தொடர்பே இல்லை என்று காட்டினார். கார்களின் எண்ணிக்கையில் காணப்பட்ட ஏற்ற இறக்கத்தில் 4 விழுக்காட்டைக்கூடப் பரப்பளவால் விளக்க முடியவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. இத்தகைய அளவீடுகள் பெரும்பாலும் பேருந்து வசதி குறைந்த, நிறுத்தக் கட்டணம் இல்லாத புறநகர்ப் பகுதிகளில் எடுக்கப்பட்டவை. இலவசமாகக் கிடைத்தால் எவ்வளவு தேவைப்படும் என்று அளந்து, அந்த அளவைக் கட்டாயமாக்கி, அதனால் பார்க்கிங் எங்கும் இலவசமாகி, அங்கேயே மறுபடி அளந்தால், முதல் எண் சரிதான் என்றே விடை வரும். ரயில் நிலைய வாசலில் எழும் கட்டடத்திற்கும் அதே எண்ணைப் பொருத்தினார்கள் என்பதுதான் வேடிக்கை.

கார் வைத்திருப்பவர்கள் பார்க்கிங் உள்ள வீட்டைத் தேடிப் போகிறார்களா, அல்லது பார்க்கிங் இருப்பதால் கார் வாங்குகிறார்களா என்பது நெடுநாள் விவாதம். சான் ஃபிரான்சிஸ்கோவில் குறைந்த வாடகை வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுவதால் இதைச் சோதிக்க அரிய வாய்ப்பு கிடைத்தது. விண்ணப்பங்கள் மிகுதி, வீடுகள் சில என்பதால், குலுக்கலில் விழுந்த வீட்டை ஏற்பவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அநேகமாக இல்லை. பார்க்கிங் இல்லாத கட்டடங்களில் குடியேறிய குடும்பங்களில் 38 விழுக்காட்டினரிடம் மட்டுமே கார் இருந்தது; வீட்டுக்கு ஓர் இடமாவது இருந்த கட்டடங்களில் அது 81 விழுக்காட்டைத் தாண்டியது. 2021-இல் வெளியான இந்த ஆய்வை இவ்விவாதத்தில் மிக வலுவான சான்றாக நான் கருதுகிறேன்.

கலிஃபோர்னியா 2022-இல் இயற்றி 2023 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏபி 2097 என்ற சட்டத்தின்படி, முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தத்திலிருந்து அரை மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 800 மீட்டருக்குள், எழும் புதிய கட்டடங்களுக்குக் குறைந்தபட்சப் பார்க்கிங்கை நகரங்கள் கட்டாயப்படுத்த முடியாது. தங்கும் விடுதிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது; மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களையும் மின்சாரக் கார்களுக்கான வசதியையும் பற்றிய விதிகளை இச்சட்டம் தொடவில்லை. பார்க்கிங் கட்டக் கூடாது என்று அது எங்கும் சொல்லவில்லை. எத்தனை கட்டுவது என்பதைக் கட்டுநரின் கணக்குக்கு விட்டுவிடுகிறது.

அந்தக் கணக்கு எப்படி அமையும் என்பதற்கு சியாட்டில் நல்ல உதாரணம். பேருந்தும் ரயிலும் அடிக்கடி வரும் பகுதிகளில் அந்நகரம் 2012 வாக்கில் விதியைத் தளர்த்தியது. அடுத்த ஐந்தாண்டுகளில் எழுந்த 868 கட்டடங்களை ஆராய்ந்தபோது, பழைய விதி கேட்டிருக்கக்கூடிய இடங்களில் 40 விழுக்காடு கட்டப்படவில்லை என்று தெரிந்தது. ஏறத்தாழ 18,000 இடங்கள். மிச்சமான செலவு சுமார் 53.7 கோடி டாலர். மறுபக்கம், மீதி 60 விழுக்காடு கட்டப்படவே செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும். வீடு வாங்குகிறவர் கார் நிறுத்த இடம் கேட்கிறார், வங்கியும் கேட்கிறது.

அண்டை வீட்டாரின் அச்சம் வேறு: கட்டடத்தில் இடமில்லாத கார் தெருவுக்குத்தானே வரும்? அது நியாயமான கேள்விதான். தெருவோர இடம் இலவசமாக இருக்கும்வரை அங்கே நெரிசல் கூடும். ஷூப் சொன்ன தீர்வு, ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணத்தை ஏற்றி இறக்குவது. சான் ஃபிரான்சிஸ்கோ 2011 முதல் அப்படிச் செய்து பார்த்தது. விதியைத் தளர்த்திவிட்டுத் தெருவோரத்தை இலவசமாகவே விட்டுவைக்கும் நகரம் வேலையைப் பாதியில் நிறுத்தியது போலத்தான்.

எனக்குள்ள தயக்கம் பேருந்து நிறுத்தங்களைப் பற்றியது. ரயில் நிலையம் இடம் மாறாது. ஆனால் நெரிசல் நேரத்தில் குறிப்பிட்ட இடைவெளிக்குள் பேருந்து வரும் இரண்டு தடங்கள் சந்திக்கும் இடமும் சட்டத்தில் ‘முக்கிய நிறுத்தம்’தான். அந்த இடைவெளி முதலில் 15 நிமிடமாக இருந்தது. 2025 முதல் 20 நிமிடமாகத் தளர்ந்துள்ளது. அப்படிப்பட்ட நிறுத்தத்தை நம்பிப் பார்க்கிங் இல்லாமல் கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கு, இரவு ஒன்பது மணிக்கு மேல் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்பதைப் பற்றி அந்த வரையறை எதுவும் சொல்வதில்லை.