இலவசப் பரிசு அல்ல, ஈவு

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் நற்செய்திக் கூட்டம் என்றாலே பதாகையில் ‘மன்னிப்பு: ஆண்டவரின் இலவசப் பரிசு’ என்று போட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் பேரங்காடியில் ‘இரண்டு மைலோ வாங்கினால் குவளை இலவசம்’. பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே சரக்கு.

புதிய ஏற்பாட்டில் இதற்கு மூலச்சொல் கிரேக்கத்தின் ‘காரிஸ்’; அருள், தயவு என்று பொருள். அருளால் தரப்படுவது ‘காரிஸ்மா’. லூக்கா 7:42இல் கடனை மன்னித்ததைச் சொல்லும் வினையும் இதே வேர்தான். கிருபை வடசொல், அருள் தமிழ்ச்சொல். எதைச் சொன்னாலும் தவறில்லை.

தவறு ‘பரிசு’ என்பதில். பரிசு ஓடி ஜெயித்தவனுக்கு, குலுக்கலில் எண் விழுந்தவனுக்கு. பழந்தமிழில் பரிசில் வேண்டுமென்றால் புலவன் பாடியாக வேண்டும். தகுதியே கேட்காத ஒன்றுக்குத் தகுதியைக் கேட்கும் சொல்லை வைத்துவிட்டு, அதைச் சரிக்கட்ட ‘இலவச’ என்று ஒட்டுப்போடுகிறார்கள்.

ரோமர் 3:24இல் ‘இலவசமாய்’ என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அங்கே மூலத்தில் உள்ள ‘தோரெயான்’ என்ற சொல்லே யோவான் 15:25இலும் வருகிறது. அங்கே ‘முகாந்தரமில்லாமல்’, அதாவது காரணமில்லாமல், என்று தமிழாக்கியிருக்கிறார்கள். பெறுகிறவனிடம் ஒரு முகாந்தரமும் இல்லை என்பதுதான் பொருள். கொடுத்தவருக்குச் செலவில்லை என்பதல்ல.

மளிகைக் கடையில் கடன் எழுதிவைக்கும் 555 புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லூக்கா 7இல் இயேசு சொல்லும் கதையில் ஒருவன் கடன் 500 வெள்ளிக்காசு, மற்றவன் கடன் 50. அன்று ஒரு காசு ஒரு நாள் கூலி. 500 நாள் கூலியைக் கடைக்காரர் கோடு போட்டு அடித்துவிட்டால் கடன்பட்டவனுக்கு ஒரு வெள்ளியும் செலவில்லை. நட்டம் முழுக்கக் கடைக்காரர் தலையில். ‘கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே’ என்று 1 கொரிந்தியர் 6:20 சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டு அரசிடமிருந்து ‘விலையில்லா’வைக் கடன் வாங்கி ‘விலையில்லா மன்னிப்பு’ என்று எழுதுவோருக்கும் இதுவே பதில்.

ரோமர் 6:23இன் ‘கிருபைவரம்’ மட்டும் முழுக்கப் பொருந்துகிறதா? சம்பளத்துக்கு எதிராக அதை நிறுத்தியது அருமை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பேர் பதிந்து, மாதக் கடைசியில் வாங்குவது சம்பளம் என்று தோட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் வரம் தவமிருந்து பெறுவது. நேர்த்திக்கடன் தெரிந்த ஊரில் அந்தச் சொல் தடம் மாற்றிவிடும். 1995இன் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘அருள்கொடை’ என்றது, அது தேவலை.

என் ஓட்டு எபேசியர் 2:8இன் ‘ஈவு’க்கு. தொல்காப்பியப்படி ‘ஈ’ என்று கேட்பவன் இழிந்தோன், ‘தா’ என்பவன் ஒப்போன், ‘கொடு’ என்பவன் உயர்ந்தோன். வறியவனுக்கு ஈவதே ஈகை, மற்றதெல்லாம் திரும்ப வரும் அளவைக் குறித்துக்கொண்டு தருவது என்கிறது 221ஆம் குறள். இல்லாதவன் கேட்பது, திருப்பிச் செலுத்த முடியாதது: இரண்டும் இந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்க ஒட்டு எதற்கு? ‘மன்னிப்பு தேவனுடைய ஈவு’ என்றால் பதாகையில் இடமும் மிச்சம்.

ஆங்கிலத் துண்டுப் பிரசுரத்தை வரிக்கு வரி பெயர்ப்பவர்கள் இதைக் கேட்பார்களா தெரியவில்லை. ‘உங்கள் இலவசப் பரிசை இன்றே கோருங்கள்’ என்று அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். இதே வாசகத்தோடு கைப்பேசிக்கு வரும் மோசடிக் குறுஞ்செய்தியைத் திறக்காமலே அழிக்கச் சொல்லித்தான் பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள்.