தவில் அடிக்கு முன்னால் வரும் 'ஷ்'

உச்சிப்புளியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "அண்ணே, ராமேஸ்வரம் பஸ்ல பாட்டு கேட்டுக்கிட்டே போறேன். மண்டபம் தாண்டினா டவர் வருது, போகுது. பாட்டு மட்டும் நிக்கவே இல்ல, எப்படி?" இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றுக்கு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு நிரல் எழுதிப் பிழைப்பவன் நான், குழு முழுக்க பெங்களூரில். கேள்வி சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது.

பாதி பதில் சுலபம். பாட்டு முழுசாக ஒரே மூச்சில் வருவதில்லை, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வருகிறது. சிக்னல் நன்றாக இருக்கும்போதே செயலி அடுத்தடுத்த துண்டுகளை இறக்கி வைத்துக்கொள்ளும், அதுதான் பஃபர். சிக்னல் மெலிந்தால் அடுத்த துண்டைக் கொஞ்சம் தரம் குறைத்து, நொடிக்கு 160 கிலோபிட்டுக்குப் பதில் 96-இல் வாங்கிக்கொள்ளும். பாம்பன் பாலத்தின் மேல் நீங்கள் கேட்பது மண்டபத்திலேயே போனுக்குள் இறங்கிவிட்ட பாட்டு. தனுஷ்கோடி வரை போகிறவர்களுக்கு இது போதாது, முன்னாலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது. சிடியில் இருப்பதை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அந்தந்தக் கணத்தில் அளந்த எண்கள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல், ஆக நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். நான்கு நிமிடப் பாட்டு 42 எம்பி ஆகிவிடும். 96 கிலோபிட்டில் அதே பாட்டு 3 எம்பிக்குள் அடங்குகிறது. மிச்சத்தை நாங்கள் தெரிந்தேதான் எறிகிறோம், உங்கள் காதுக்கு அது எட்டாது என்ற தைரியத்தில்.

அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், உள்காதில் சுருண்டிருக்கும் காக்ளியாவிலிருந்து. அதற்குள் ஒரு சவ்வு, நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். கீச்சென்ற ஒலிகள் அதன் வாசல் பக்கத்தை அதிர வைக்கும், கனத்த ஒலிகள், அதாவது தாழ்ந்த சுருதி ஒலிகள், உள்முனையை. இதை இறந்தவர்களின் காதுகளில் வெள்ளித் துகள் தூவி, விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் கண்ணால் பார்த்தவர் பெக்கேஷி என்ற விஞ்ஞானி, 1961-இல் நோபல் வாங்கினார். ஒரு இடம் பலமாக அதிரும்போது பக்கத்து இடத்தில் மெல்லிய அதிர்வு வந்தாலும் மூளைக்குத் தெரியாது. 1,000 ஹெர்ட்ஸில் உரக்க ஒரு ஒலி இருந்தால் 1,100-இல் முனகும் ஒலி காணாமல் போய்விடும். இதில் ஒரு அழகு உண்டு: கனத்த ஒலியின் அலை உள்முனைக்குப் போக வேண்டுமானால் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும், போகிற வழியில் கீச்சொலிகளின் இடத்தையும் குலுக்கிவிட்டுப் போகிறது. அதனால்தான் கனத்தது கீச்சை மறைக்கிற அளவுக்குக் கீச்சு கனத்ததை மறைப்பதில்லை. விசைப்படகு எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சு ஏன் வெறும் வாயசைப்பாகிவிடுகிறது என்பதற்கு, வெறும் சத்தம் மட்டும் காரணமல்ல, இதுவும்தான்.

எம்பி3 என்ற சுருக்கும் முறை, பாட்டை 26 மில்லிநொடித் துணுக்குகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எந்த ஒலி எதை மறைக்கும் என்று கணக்குப் போடுகிறது. இன்று அதிகம் புழங்கும் ஏஏசி என்ற முறையும் கிட்டத்தட்ட இதே வழிதான். மறைந்ததை நீக்குவதோடு முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நிஜமான தந்திரம் வேறு. ஒலியைக் குறிக்கும் எண்களை (3.7-ஐ 4 என்பதுபோல) முரட்டுத்தனமாக முழுமையாக்கினால் பிட் மிச்சமாகும், ஆனால் அந்தப் பிழை இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சலை எங்கே பலத்த ஒலி இருக்கிறதோ சரியாக அதன் அடியில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறோம். இரைச்சல் பாட்டில் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரிவதில்லை.

மாட்டிக்கொள்வது தவிலிடம். ஒரு நொடி அமைதி, பிறகு படாரென்று ஒரு அடி. பிழை அந்தத் துணுக்கு முழுக்கச் சமமாகப் பரவிவிடும், அடி விழுவதற்கு முன்னாலேயே 'ஷ்' என்று ஒரு கசிவு கேட்கும். அடிக்குப் பின்னால் 100 மில்லிநொடிக்கு மேல்கூடக் காது மந்தமாக இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் கவலையில்லை, முன்பக்கம் சில மில்லிநொடிதான் சலுகை. ஆகவே அடி வரப்போகிறது என்று தெரிந்ததும் எம்பி3-இல் ஜன்னலை (ஒரே தடவையில் கணக்குப் போடும் துணுக்கின் நீளத்தை) மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி, கசிவை அந்தச் சலுகைக்குள் அடக்கப் பார்ப்பார்கள். வெளிநாட்டில் இதைச் சோதிக்கக் காஸ்டனெட் என்ற கைத்தாளக் கருவியின் துணுக்குகள் பேர்போனவை. நான் வீம்புக்குத் திருப்புல்லாணிக் கோயில் தவிலைச் சேர்த்திருக்கிறேன். எது அசல், எது சுருக்கியது என்று சொல்லாமல் நாலு நொடித் துண்டை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த வேலையின் பெரும்பகுதி, வீட்டில் இருப்பவர்களுக்கு இது வேலையாகவே தெரிவதில்லை, அது வேறு கதை. குறைந்த பிட்டில் தவில் இன்னமும் சில இடத்தில் ஜெயித்துவிடுகிறது.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடியில் இருப்பது கொசைன் உருமாற்றம், அதாவது ஒலியையோ படத்தையோ அதில் கலந்திருக்கும் அலைகளாகப் பிரித்து எழுதும் கணித வழி. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-இல் இதை ஆராய அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது பரிசீலித்த ஒருவரின் கருத்து. மாணவர் டி. நடராஜனோடும் கே. ஆர். ராவோடும் விடாமல் தொடர்ந்தார், 1974 ஜனவரியில் கட்டுரை வெளியானது, மொத்தம் நான்கு பக்கம். நீங்கள் அனுப்பும் ஜேபெக் படத்தில் இருப்பது அதுவே. எம்பி3, ஏஏசி இரண்டிலும் இருப்பது அதன் தம்பி. இங்கே நம் ஊரிலும் ஆராய்ச்சிக்குப் பணம் என்றால் உடனடிப் பயன் என்ன என்றுதான் முதலில் கேட்கிறோம். அகமதுவிடம் அப்படிக் கேட்டிருந்தால் பஸ்ஸில் பாட்டு என்று அவரே சொல்லியிருக்க மாட்டார். எளிமையான யோசனைக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு, பத்து வருடம் கணக்குக் கேட்காமல் இருந்தால் தேவலை என்பது என் கட்சி.