வைகை ஏன் கடலுக்குப் போவதில்லை?

வருசநாட்டு மலையில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுமார் 258 கிலோமீட்டர் ஓடுகிறது வைகை. ஆனால் பெருவெள்ளம் வரும் ஆண்டுகள் தவிர, அது கடலைப் பார்ப்பதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாய் என்ற ஏரியோடு பயணம் முடிந்துவிடும்.

முதல் காரணம் மலை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தைக் கேரளச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்றில் மிச்சம் சொற்பம். ஆகவே வைகை பெரிதும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான்.

இந்தக் குறையைச் சரிக்கட்ட 1895-இல் ஒரு வழி திறந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் கட்டிய அணை, மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்தது. ஆற்றைத் திருப்பினார்கள் என்று சொல்கிறோம். உண்மையில் செய்தது நீர்மட்டத்தை உயர்த்தியதுதான். தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வாய்க்கு எட்டியதும், எந்த இயந்திரமும் இல்லாமல் கிழக்கே சரிந்து இறங்குகிறது. அணையில் 104 அடிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் சுரங்கத்துக்கு எட்டாது. 'பெரியாறு அணை 115 அடி' என்று செய்தி வந்தால், கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு அது வெறும் 11 அடிதான்! இறங்கும் நீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்து, பள்ளத்தாக்கின் நெல்வயல்களுக்குப் பாய்ந்து, 1959-இல் திறந்த 71 அடி வைகை அணைக்கு வந்து சேர்கிறது.

அப்படியும் ஆறு ஆண்டு முழுக்க ஓடுவதில்லை. சித்திரையில் மதுரையில் அழகர் இறங்கவே அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. ஆறு ஓடுவது சில வாரம். நெல்லுக்குத் தண்ணீர் வேண்டியதோ மூன்று, நான்கு மாதம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கண்மாய்கள்.

கண்மாயின் அமைப்பு எளிமையானது. நிலம் சரியும் திசைக்குக் குறுக்கே வில் போல வளைந்த மண்கரை. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். ஆற்றிலிருந்து பிரியும் வரத்துக்கால் அந்தப் பக்கமாக நீரைக் கொண்டுவரும். கரையிலுள்ள மடையைத் திறந்தால் கீழேயுள்ள வயலுக்குப் பாயும். கரையோரத்தில் கலிங்கு இருக்கும். நீர் அதன் உயரத்தைத் தாண்டினால் வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கசிந்து இறங்கும் நீர் சுற்றுக் கிணறுகளில் ஊறும். சங்கிலியில் ஒரு கண்மாய் தூர்ந்தாலோ, வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டாலோ, மேலே வெள்ளம் போனாலும் கீழ் ஊர் வறண்டுதான் கிடக்கும்.

கடலுக்கு வராத ஆறு என்று வைகையைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வழியெல்லாம் ஊர்கள் வாங்கித் தேக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான். கடைசியாகப் பெரிய கண்மாயும் நிரம்பி வழிந்தால்தான் மிச்ச நீர் பாக் நீரிணையைத் தொடும். தொடும் இடத்தில் உள்ள ஊரின் பெயர் ஆற்றங்கரை.