மனுவுருவாதல்: அவதாரம்னு சொன்னா போதாதா?

செப்டம்பர் 8 மாதா திருநாளுக்கு பெங்களூர் சிவாஜி நகர் பசிலிக்கால கூட்டம் அலைமோதும், சேலை கட்டின மாதாவ பாக்க இந்துக்களும் நிறைய வருவாங்க, அப்ப வரிசைல நிக்கறவங்க யாராவது "இயேசுவும் ஒரு அவதாரம்தானே"ன்னு கேப்பாங்க. கேள்வில தப்பில்ல, நம்ம பழைய பக்திப் புத்தகங்கள்லயே மனுஷாவதாரம்னுதான் போட்டிருக்கும்.

அவதாரம் சமஸ்கிருதச் சொல், கீழ இறங்கி வர்றதுன்னு அர்த்தம். பிரச்சனை என்னன்னா, அவதாரம்னா பல தடவை எடுக்கலாம், வேலை முடிஞ்சதும் அந்த உருவத்த விட்டுட்டுப் போகலாம்னு நம்ம காதுல பழகிப்போச்சு. கிறிஸ்தவ நம்பிக்கைல கடவுள் இயேசுவா மனுஷரானது, அதாவது மனுவுருவாதல், ஒரே ஒரு தடவை, உயிர்த்தெழுந்த பிறகும் அவர் மனுஷர்தான்.

இத இங்கிலீஷ்ல இன்கார்னேஷன்ங்கறாங்க, அதுக்கு மூலம் லத்தீன், உள்ள இருக்கற சொல்லுக்கு சதைன்னு அர்த்தம். யோவான் நற்செய்தி 1:14ல கிரேக்கத்துலயும் "சார்க்ஸ்", அதாவது சதைதான். பழைய பைபிள் "அந்த வார்த்தை மாம்சமாகி"ன்னு நேரா போட்டுச்சு, 1995 பொது மொழிபெயர்ப்பு "வாக்கு மனிதர் ஆனார்"னு மாத்திடுச்சு (வார்த்தை, வாக்குன்னு இங்க சொல்றது இயேசுவத்தான்). கன்னடம் படிக்கிற நம்ம ஊர் பசங்களுக்கு மாம்சம்னா ஹோட்டல் போர்டுல இருக்கற "மாம்சாஹாரி"தான் ஞாபகம் வரும், சிரிப்பாங்க, ஆனா யோவான் சொன்ன அதிர்ச்சி அதுலதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. இயேசு படகுல அசந்து தூங்கினவர், லாசரு கல்லறைக்குப் போறப்ப அழுதவர். அவருக்கு உடம்பு இருந்த மாதிரி தோணுச்சு, அவ்வளவுதான்னு ஆரம்ப காலத்துலயே ஒரு கூட்டம் சொல்லிச்சு, திருச்சபை அத ஏத்துக்கல.

தமிழ்ல மனுவுருவாதல், மனுவுரு எடுத்தல்னு எழுதுறாங்க. "உரு எடுத்தல்"னா வேஷம் கட்டின வாசனை லேசா அடிக்குது, அதனால பேச்சுக்கு நான் "மனிதரானார்"னே சொல்லுவேன்.

கூடவே வர்றது "இரு இயல்பு". 451ல கல்சதோன் சங்கம், அதாவது ஆயர்கள் கூடின திருச்சபைக் கூட்டம், அந்த ஊர் இப்ப இஸ்தான்புல்ல இருக்கு, ஒரே ஆள், முழு கடவுள், முழு மனுஷன், ரெண்டு இயல்பும் கலக்கவும் இல்ல பிரியவும் இல்லன்னு முடிவு பண்ணுச்சு. இயல்புக்கு பழைய ஆளுங்க சுபாவம்னுவாங்க, இன்னைக்கு சுபாவம்னா குணம்னு ஆயிடுச்சு, அதனால இயல்பே தேவல. பெங்களூர்ல இருக்கற மலையாளி ஆர்த்தடாக்ஸ்காரங்க சபை இந்தச் சங்கத்த ஏத்துக்காத மரபு, அவங்களுக்கும் அவர் முழு கடவுள் முழு மனுஷன்தான், ஆனா ஒண்ணாச் சேந்த ஒரே இயல்புன்னு சொல்லுவாங்க, அவங்ககிட்ட போய் "இரு இயல்பு"ன்னு ஆரம்பிச்சா பேச்சு நீளும்.