மெதூசாவின் தெப்பம் ஏன் கறுத்துப்போனது?

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 'மெதூசாவின் தெப்பம்' ஓவியத்தின் முன்னால் போய் நின்றால் முதலில் மலைக்க வைப்பது அதன் அளவு. உயரம் கிட்டத்தட்ட 5 மீட்டர், அகலம் 7 மீட்டருக்கும் மேல். அடுத்துக் கண்ணில் படுவது இருட்டு. 1816 ஜூலையில் மொரித்தானியக் கரையருகே பிரெஞ்சுப் போர்க்கப்பலான மெதூசா மணல்திட்டில் தரைதட்டியது. சுமார் 147 பேரை ஒரு தெப்பத்தில் ஏற்றிவிட்டார்கள். 13 நாள் கழித்து உயிரோடு மீண்டவர்கள் 15 பேர். ஓவியம் சொல்லும் இந்தக் கதைக்கு இருட்டு பொருத்தம்தான். ஆனால் 1819இல் பார்வைக்கு வைத்தபோது படம் இவ்வளவு கறுப்பாக இல்லை. ஓவியர் தியோதோர் ஜெரிக்கோ நிழல்களில் கலந்த தார் செய்த வேலை இது.

ஆமாம், சாலையில் ஊற்றுகிற தாரின் இனம்தான். அன்றைய ஓவியர்களுக்கு அது ஆழமான, பளபளப்பான பழுப்பு நிறம். பூசிய புதிதில் மயக்கும் அழகு. வம்பு பிறகுதான்.

எண்ணெய் வண்ணம் ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. வண்ணத்தைக் குழைக்கும் ஆளி விதை எண்ணெயின் கொழுப்பு அமிலச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு. அவை காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு பிணைந்து கெட்டியான படலமாகின்றன. தேங்காய் எண்ணெயில் அந்தப் பிணைப்புகள் மிகக் குறைவு. அதில் குழைத்துத் தீட்டினால் காயவே காயாது.

தாரிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கின்றன. அதனால் தார் கலந்த அடுக்கு ஆண்டுக்கணக்கில் இளகியே கிடக்கும். அதன்மேல் பூசிய அடுக்கோ இறுகிச் சுருங்கும். பிடிமானம் இல்லாததால் வழுக்கிப் பிளக்கும். பழைய ஓவியங்களில் வழக்கமாகக் காணும் மயிரிழை விரிசல் அல்ல இது. ஓரம் மழுங்கிய அகலமான பிளவுகள், நடுவே தீவுதீவாக வண்ணம், இடுக்கில் கறுப்பு. ஈய வெள்ளை சேர்ந்த வெளிர் பகுதிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஈயம் எண்ணெயை விரைவாக இறுக வைக்கும் என்பதால்.

பிணங்களின் தோல் நிறம் மாறுவதைப் படிக்க வெட்டுண்ட கை கால்களையே தன் ஓவியக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தவர் ஜெரிக்கோ. வண்ணத்தின் வேதியியலில் அந்தக் கவனம் இல்லாமல் போனது விந்தைதான். 1824இல், 32 வயதில், இறந்துவிட்டார்.

வார்னிஷ் மேல்பூச்சு மஞ்சளித்தால் துடைத்து எடுக்கலாம். தார் வண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்தால் ஓவியமும் போய்விடும். படம் சிதைவதைக் கண்டு 1859-60இல் கீயமே, ரோன்ழா என்ற இரு ஓவியர்களைக் கொண்டு அதே அளவில் ஒரு நகல் எடுத்தார்கள். அது இப்போது அமியென் நகரின் பிக்கார்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.