வாசலில் நிற்பது வாகனம்தான் என்று சென்சாருக்கு எப்படித் தெரியும்?

20 டன் சரக்கேற்றிய லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் அடுத்தடுத்து ஒரு தொழிற்சாலை வாசலைக் கடக்கின்றன. தரைக்குள் புதைத்த சென்சாருக்கு இரண்டில் எது பெரிதாகத் தெரியும்? பெரும்பாலும் கார்தான். பெருந்துறை சிப்காட்டிலோ கோவைப் புறநகரிலோ தானியங்கித் தடுப்புக் கம்பம் நிறுவ நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இது. வாகனம் என்றால் என்னவென்று எந்தச் சென்சாருக்கும் தெரியாது. ஒன்றுக்கு உலோகம் தெரியும், மற்றொன்றுக்கு இரும்பு தெரியும், வேறொன்றுக்கு ஒளி மறைவது தெரியும்.

வாசல்களில் அதிகம் புழங்குவது லூப் எனப்படும் கம்பிச்சுருள். தளத்தில் செவ்வகமாகச் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டி, காப்பிட்ட செம்புக் கம்பியை மூன்று நான்கு சுற்று ஓட்டி, எப்பாக்ஸியோ தாரோ ஊற்றி மூடிவிடுவார்கள். காவலர் அறையில் உள்ள சிறு பெட்டி அந்தச் சுருளில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். உலோகப் பரப்பு எதுவும் மேலே வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன்னைப் பிறப்பித்த காந்தப்புலத்தையே எதிர்க்கும். சுருளின் தன்மின்தூண்டல் (தன்னுள் ஓடும் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறையும், அதனால் மின்னோட்டம் திசை மாறும் அதிர்வெண் சற்றே கூடும். பெட்டி கவனிப்பது இந்தக் கூடுதலை மட்டுமே. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றமே அதற்குப் போதும்.

கோவை ஃபவுண்டரிகளில் இண்டக்‌ஷன் உலை இரும்பை உருக்குவதும் இதே சுழல் மின்னோட்டத்தால்தான். அங்கே நூற்றுக்கணக்கான கிலோவாட் பாய்கிறது. இங்கே பாய்வதில் லாரியின் அடிப்பாகம் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. இரும்பைக் காந்தம் இழுப்பதால் லூப் வேலை செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் அலுமினியத்தை அது கண்டுகொள்ளவே கூடாது. ஆனால் அலுமினிய ரிம் போட்ட சைக்கிளைக்கூட நன்றாகப் பிடிக்கிறது.

எடை இதில் ஒரு பொருட்டே இல்லை. எண்ணிக்கைக்கு வருவது உலோகத்தின் பரப்பும், அது தரையிலிருந்து இருக்கும் உயரமும்தான். காரின் அடித்தகடு தரையை ஒட்டிப் போகிறது. லாரியின் சேஸிஸ் எட்டத்தில் இருக்கிறது. லூப்பின் குறுகிய பக்கம் எவ்வளவோ, அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் அதன் கண்ணுக்கு எட்டும் என்பது நிறுவுபவர்களின் கணக்கு. ஒரு மீட்டர் அகல லூப் என்றால் ஐம்பது, அறுபது சென்டிமீட்டர். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து நீண்ட டிரெய்லர் ஒன்று அதன் மேல் ஊர்ந்தால் முன்பக்க அச்சுகள் தெரியும், பிறகு வெறும் வெளி, வெகுநேரம் கழித்துப் பின்சக்கரங்கள். நடுவில் வாகனம் போய்விட்டது என்று பெட்டி முடிவு கட்டினால் கம்பம் நேராக டிரெய்லரின் முதுகில் இறங்கும். அகலமான லூப், கம்பம் இறங்கச் சற்றுத் தாமதம், கூடவே ஓர் ஒளிக்கற்றை சென்சார் ஆகியவை இதற்கு மருந்து. லூப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேலாளரின் காரை ஓட்டிக் காட்டுவதுதான் வழக்கம். அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை. காலி டிரெய்லரையும் மொபெட்டையும் விட்டுப் பார்க்க வேண்டும்.

கணியூர், விஜயமங்கலம் போன்ற சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் வந்த பிறகும் லூப்புக்கு வேலை குறையவில்லை. யாருடைய வண்டி என்பதை 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஃபாஸ்டேக் சொல்லிவிடும். அந்த வண்டி கம்பத்தைத் தாண்டிவிட்டதா என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

இன்னொரு வகை, பூமியின் காந்தப்புலத்தையே நம்பியிருப்பது. மேக்னடோமீட்டர் என்ற இந்தச் சிறு சில்லுக்குத் தரையில் ஒரு துளை போதும். பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடும். பெரிய இரும்பு அருகே வந்தால் பூமியின் புலக்கோடுகள் வளைகின்றன, அதை அளக்கிறது. அலுமினியம் இதற்குத் தெரியாது. கொங்கு நாட்டில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடிக்கு அருகில் செல்வதால் இங்கே பூமியின் புலம் கிட்டத்தட்டக் கிடையாகவே இருக்கிறது. வட நாடுகளில் அது பெருமளவு செங்குத்தாகத் தரைக்குள் பாய்கிறது. அங்கே வடிவமைக்கப்பட்ட, செங்குத்துக் கூற்றை மட்டும் அளக்கும் பழைய ஒற்றை அச்சுக் கருவியை இங்கே புதைத்தால் அளப்பதற்கு அதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இன்றைய சில்லுகள் மூன்று அச்சிலும் அளப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஒளிக்கற்றை சென்சார் எளிமையானது: கற்றை அறுந்தால் வாகனம். ஆனால் திருப்பூரில் பஞ்சுத் தூசியும் ஃபவுண்டரியில் கருமணல் தூசியும் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். துடைக்க ஆள் போடாவிட்டால் எப்போதும் வண்டி நிற்பதாகவே காட்டும். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரத்தை அளக்கும் மீயொலி சென்சாருக்கு வெப்பம் தொல்லை. காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரிக்கு அளவு வைத்த கருவி, கரூரின் 40 டிகிரி வெயிலில் 3 மீட்டர் தூரத்தைப் பத்து சென்டிமீட்டர் குறைத்துச் சொல்லும்.

தூசியையும் மழையையும் பொருட்படுத்தாதது ரேடார். 24 கிகாஹெர்ட்ஸ் அலை, மணிக்கு 36 கிலோமீட்டரில் நேரே வரும் லாரியில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் 1600 ஹெர்ட்ஸ் மாறியிருக்கும். இந்த டாப்ளர் மாற்றம் லாரி நின்றால் பூஜ்ஜியம். எனவே சரக்கு இறக்கும் மேடைக்கு வெறும் டாப்ளர் ரேடார் உதவாது; அலையின் அதிர்வெண்ணைத் தொடர்ந்து ஏற்றி இறக்கித் தூரத்தையும் அளக்கும் வகை வேண்டும்.

சர்க்கரை ஆலை எடைமேடையில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு சக்கரம் மேடைக்கு வெளியே நின்றாலும் எடை டன் கணக்கில் குறையும். அதனால் மேடையின் இரு முனைகளிலும் ஒளிக்கற்றை வைத்து, அவை அறுபடாமல் இருந்தால்தான் எடை பதிவாகும்படி அமைக்கிறார்கள். கரும்பு டிராக்டரின் பின்னால் தொங்கும் தோகையும் கற்றையை அறுக்கும். ஆனால் தோகை காற்றில் ஆடுவதால் கற்றை விட்டு விட்டு அறுபடுகிறது. சக்கரம் நின்றால் தொடர்ந்து மறைகிறது. மென்பொருளில் இரண்டு மூன்று நொடி பொறுத்துப் பார்க்கும் விதியைச் சேர்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.