மழை விட்ட மறுநாள்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தின இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாள் மழை 45 செ.மீ.யைத் தாண்டியது. ஒரு ஏக்கரில் 45 செ.மீ. மழை என்றால் சுமார் 18 லட்சம் லிட்டர் தண்ணீர். மாலையில் மழை தணிந்ததும் தாழங்குடா பக்கத்து விவசாயி ஒருவர் போன் செய்தார். "சார், மழை விட்டுடுச்சு. மேலே தூக்கி வச்ச மோட்டாரை இறக்கிடலாமா?"

"இறக்காதீங்கண்ணே. ரெண்டு நாள் போகட்டும்" என்றேன்.

கடலூர் மாவட்டத்தில் வேளாண் விரிவாக்கப் பணியில் பல ஆண்டுகளாக நான் சொல்லிவருவது இதுதான். நம்மை அழிப்பது பெரும்பாலும் நம் தலைமேல் பெய்யும் மழை அல்ல. மழை விட்டபின் வருவதுதான்.

அன்றிரவு நடந்ததைப் பாருங்கள். புயல் வலுவிழந்து மேற்கே போனது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரு நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கும், அங்கிருந்து சாத்தனூர் அணைக்கும் வரும். டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்டது. ஆறு கடலில் சேரும் இடம் நம்முடையது. பாகூர்ப் பக்கமும் நாணமேடு, உச்சிமேடு கிராமங்களும் அதன் ஓரத்தில்தான். நந்தி மலையில் பிறக்கும் ஆற்றின் கடைசி வாசலில் நாம் குடியிருக்கிறோம். ஆகவே மழைக்காலத்தில் கடலூர் வானிலை அறிவிப்போடு நிறுத்தாதீர்கள். திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மழையளவையும் சாத்தனூர் நீர்திறப்பையும் தினமும் கேட்டுவிடுங்கள். கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடக் கரையிலிருப்பவர்களுக்கும் அவரவர் ஆற்றின் மேல்பகுதி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதை மீனவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் உயரும்போது கடல் ஆற்றுத் தண்ணீரை எளிதில் வாங்காது. அந்த டிசம்பர் 1 கார்த்திகை அமாவாசை. புயல் காற்று கரையை நோக்கி நீரைத் தள்ளினால் முகத்துவாரம் இன்னும் அடைபடும். வடிகால் தூர்வாரியிருந்தும் வயலில் தண்ணீர் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் வடிந்த மறுநாள் செய்யும் தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. பயிர் மஞ்சளாகத் தெரிந்ததும் அவசரத்தில் யூரியாவை அள்ளி வீசிவிடுகிறார்கள். மூழ்கிய நெற்பயிர் மூச்சுக்காக மேலே நீண்டு, சேமித்த சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு நிற்கிறது. அதன் வேர் எதையும் எடுக்கும் நிலையில் இல்லை. முதலில் வரப்பை வெட்டி நீரை வடியுங்கள். குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தால் அந்தத் தூர் அழுகிவிட்டது. வராமல் நின்று, அடியில் வெள்ளை வேர் விட்டிருந்தால் பயிர் பிழைக்கும். வெள்ளை வேர் கண்டபிறகு யூரியாவை ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கோடு கலந்து ஓரிரவு வைத்திருந்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். அளவை உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிஆர் 1009 சப் 1 என்ற நெல் ரகத்தை இங்கே பரிந்துரைப்பதற்கும், மூழ்கிய பயிர் இப்படி நீண்டு சத்தை இழப்பதுதான் காரணம். ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து வந்த குணம் அதில் இருக்கிறது. மூழ்கினால் நீளாமல் அடங்கிக் கிடந்து, சுமார் இரண்டு வாரம் வரை தாங்கும். ஆனால் கதிர் வந்தபின் மூழ்கினால் இந்தக் குணம் காப்பாற்றாது. அதனால் விதைக்கும் நாள் முக்கியம். சுமார் 155 நாள் பயிரை ஆகஸ்ட் கடைசியில் விதைத்தால் நவம்பர் வெள்ளத்துக்குள் தூர் கட்டிவிடும், கதிர் டிசம்பர் கடைசியில்தான் வரும். அக்டோபரில் விதைத்தால் நாற்றுப் பருவத்திலேயே மூழ்கும். அப்படித் தாமதமாகிவிட்டால் 130 முதல் 135 நாள் ரகத்துக்கு மாறிவிடுங்கள், மேட்டுப்பாங்கான வயலாகவும் பாருங்கள். பயிர் காப்பீட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான்.

"கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை" என்பார்கள். பெரியவர்கள் சொன்னது பெரும்பாலான ஆண்டுகளுக்குப் பொருந்தும். ஆனால் தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை, மார்கழியின் நடுவில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். நெல் போனால் அடுத்த பட்டம் உண்டு. ஒட்டு முந்திரி நட்டாலும் காய்க்க மூன்று ஆண்டு, நல்ல மகசூலுக்கு இன்னும் பல ஆண்டு ஆகும். பலா அதைவிடத் தாமதம். 2021 பொங்கல் வாரத்திலும் மழை வந்தது, 2023 பிப்ரவரியிலும் வந்தது. இரண்டு முறையும் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது.

சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்தால் சில நாளில் முளைவிடும். மழை விட்டதும் நீரை வடித்துவிட்டு, ஐந்தாறு தூர்களைச் சேர்த்துத் தூக்கிக் கட்டுங்கள். வாடகை இயந்திரத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் அலைவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அறுத்த நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் சிக்கல். கிராமத்தில் நாலு பேர் சேர்ந்து நல்ல தார்ப்பாயும் உலர்த்த ஒரு மேட்டுக் களமும் மார்கழிக்கு முன்பே தயார் செய்துவிடுங்கள்.

தாழங்குடா விவசாயி புதன்கிழமை மறுபடி போன் செய்தார். மோட்டார் மேலேயே இருந்தது. கொட்டகைக்குள் முழங்காலளவு சேறு என்றார்.